விழத் தெரியாத கண்டக்டர், தன் மாப்பிள்ளைக்கு எழுதியது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலமாக இல்லை. நீங்கள் மிகவும் நலமாக, கடைகடையாக ஏறி இறங்கித் தெம்போடு இருக்கிறீர்கள் என்பது நேற்று நீங்கள் அனுப்பிய கட்டில் படத்திலிருந்து தெரிந்தது. மகளும் நலம் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்திப் பேசக் கூடாது என்கிற மரியாதையைக் கல்யாண நாளிலிருந்து ஒன்பது வருடமாகக் காப்பாற்றி வருகிறேன். அது இன்றோடு போய்விடக் கூடாது என்றுதான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். அதுவுமில்லாமல், போனில் நான் வாயைத் திறந்ததுமே உங்கள் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது. தயவுசெய்து நீங்களே தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். என் ஜூடோ பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே மேல் அறைக்குக் கட்டில் வாங்க உங்களுக்கு யார் சொன்னது? அதுவும் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்த கட்டில். நான் என்ன தொட்டிலில் கிடக்கிற பிள்ளையா? நடந்தது என்ன, நான்கு மாதத்துக்கு முன் குளியலறையில் தரை ஈரமாக இருந்தது, விழுந்தேன், எழுந்தேன், துணி மாற்றினேன், காப்பி போட்டுக் குடித்தேன். அவ்வளவுதான் கதை. முழங்கையில் கட்டு இருப்பதை மகள் பார்த்துவிட்டாள், உங்களிடம் சொல்லிவிட்டாள். வேறு யாருடைய மாப்பிள்ளையாவது இருந்தால் "பாத்து மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார். எனக்கு வாய்த்தவர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. நீங்கள் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்து என் குளியலறையில் ஒன்றரை மணி நேரம் இருந்தீர்கள். என் வாளியை அளந்தீர்கள். சோப்புப் பெட்டியைப் படம் எடுத்தீர்கள். நான் விழுந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டீர்கள், அது இன்னும் போகவில்லை, தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கிறேன். பிறகு ஆறு பக்கத்துக்கு அறிக்கை எழுதி, என் எதிரிலேயே, என் மகளுக்குப் படித்துக் காட்டினீர்கள். அதில் 'விபத்துக்கான மூல காரணம்' என்ற இடத்தில் 'மாமா' என்று எழுதியிருந்தீர்கள். பெற்ற மகள் அதற்குத் தலையாட்டினாள்.

அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "உங்க அத்தை போன இந்த நாலு வருஷமா நான் தனியாத்தானே இருக்கேன், எனக்கு என்ன குறைச்சல்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நீங்கள் சும்மா இருந்தீர்களா?

"மாமா, விழறதை யாராலயும் தடுக்க முடியாது. அடிபடாம விழக் கத்துக்கலாம். ஜூடோல முதல் பாடமே அதுதான்" என்றீர்கள்.

மகள் உடனே, "ஜூடோ கத்துக்குடுக்கிற மாஸ்டர் 'இவர் விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது'ன்னு எழுதிக் குடுக்கட்டும், அப்பா இங்கேயே தனியா இருக்கட்டும். இல்லேன்னா நம்ம வீட்டு மேல் ரூம்தான். அதுக்கப்புறம் யாரும் பேசக் கூடாது" என்றாள். நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு ரோஷம் ஒரு கேடு.

உங்கள் வீட்டு மேல் அறை மேல் எனக்கு விரோதம் இல்லை. அந்த வீட்டில் இருக்கிற சீட்டுகள்தான் எனக்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் 'சூடு' என்று ஒட்டியிருக்கிறீர்கள். மாடிப்படியில் 'படி' என்று ஒட்டியிருக்கிறீர்கள். படியைப் பார்த்தால் படி என்று தெரியாதா மாப்பிள்ளை? நான் வந்து குடியேறினால் மறுநாள் என் நெற்றியில் 'மாமா, கவனம்' என்று ஒட்டிவிடுவீர்கள். இங்கே நான் காலை ஐந்தரைக்கு ரேடியோவைச் சத்தமாக வைப்பேன், கேட்க ஆளில்லை. அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இத்தனை அடியும் வாங்கினேன்.

நீங்கள் சேர்த்துவிட்ட ஜூடோ வகுப்பு டயர் கடைக்கு மேல் மாடியில். முப்பது வயதுகூட இருக்காது அந்த மாஸ்டருக்கு, என் தோள் உயரம்தான் இருப்பாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் கூரியரில் அனுப்பிய வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னாள். அதற்குள் இன்னொரு மாமனார் நுழையலாம், அவ்வளவு பெரிசு. கூடக் கற்றுக்கொள்ள வந்த பதினோரு பேர் எதிரில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். விழும்போது பின்மண்டை தரையில் அடிபடாமலிருக்கத் தலையைத் தூக்கிக்கொள்ள வேண்டுமாம், அதற்கு ஒரு குறி வைத்திருக்கிறார்கள்.

"பெல்ட் முடிச்சைப் பாருங்க சார். பாத்துக்கிட்டே ரெண்டு கையாலயும் தரையை ஓங்கி அடிங்க."

"முடிச்சு தெரியலையேம்மா."

"ஏன் சார்?"

"நடுவுல தொப்பை இருக்கு."

"அப்போ தொப்பையைப் பாருங்க. தலை தூக்கியிருந்தா போதும்."

பதினோரு பேரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அத்தனை பேரும் குனிந்து தங்கள் பெல்ட் முடிச்சைப் பார்த்தார்கள்.

இரண்டு வாரம் படுத்துக்கொண்டே விழுந்தேன். மூன்றாவது வாரம் நின்றுகொண்டு விழ வேண்டும் என்றபோதுதான் வினை பிடித்தது. மாப்பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு கையிலும் வேலை, ஒன்றில் டிக்கெட் கட்டு, ஒன்றில் சில்லறை. கம்பியைப் பிடிக்க எனக்கு ஏது கை? டிரைவர் எப்படி பிரேக் போட்டாலும், எந்த வளைவில் எப்படித் திருப்பினாலும் நிற்பேன். விழாமல் இருந்ததற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். அந்த மாஸ்டர் என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள், நின்றேன். இழுத்தாள், நின்றேன். காலைத் தட்டிவிட்டாள், அந்தக் கால் தானாக ஓரடி தள்ளிப் போய் ஊன்றிக்கொண்டது. "விழுங்க சார்" என்றாள். "விழ வரலையேம்மா" என்றேன். "சும்மா விடுங்க, உடம்பைத் தளர விடுங்க" என்றாள். எனக்குத் தளர விடத்தான் தெரியவில்லை. ஐந்து வாரம் இப்படியே போனது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் தொப்பு தொப்பென்று விழுந்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நடுவில் கம்பம் மாதிரி நிற்கிறேன். நிற்கத் தெரிந்ததற்காக ஒரு மனுஷனை ஃபெயிலாக்குகிற இடத்துக்கு என்னை அனுப்பியிருக்கிறீர்களே, உங்களை நிற்க வைத்து (இந்த இடத்தில் எழுதியதை அடித்துவிட்டேன். படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருக்கிறேன்.)

சரி, விழுகிறதை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் இவருக்கு அமுக்கிப் பிடிக்கிற பாடம் நடத்தலாம் என்று மாஸ்டர் நினைத்தாள். ஒருவர் கீழே படுக்க, இன்னொருவர் மேலே சாய்ந்து எழவிடாமல் அமுக்க வேண்டும். எனக்கு ஜோடி ஒரு பல் டாக்டர். பரம சாது. என்னைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை 'சாரி' சொல்லுவார், தொட்ட பிறகு ஒரு தடவை சொல்லுவார். அவரை அமுக்கினேன். நன்றாகவே வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் என் முதுகில் இரண்டு தடவை தட்டினார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. முப்பத்தொரு வருடம் பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தில் நான் தட்டியதும், தட்டக் கேட்டதும் அதுதான். ஆகவே நான் "போலாம் ரைட்" என்று சொல்லிவிட்டு இன்னும் நன்றாக அமுக்கினேன். அவர் மறுபடியும் இரண்டு தட்டினார். நான் மறுபடியும் "ரைட்" என்றேன். அந்த மனுஷன் படபடவென்று இரண்டிரண்டாகத் தட்டத் தட்ட, அடேயப்பா என்ன உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு, உடம்பில் இருந்த மொத்தப் பாரத்தையும் இறக்கினேன். மாஸ்டர் ஓடிவந்து என்னைப் புரட்டித் தள்ளியபோது டாக்டருக்கு முழி பிதுங்கி, முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"ரெண்டு தட்டுனா விடணும் சார். முதல் நாளே சொன்னேனே."

"ரெண்டு தட்டுனா போகணும்மா. நான் எத்தனை வருஷமா பாக்கறேன்."

அதற்கப்புறம் சுவரில் 'இரண்டு தட்டு = விடு' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்கள். உங்கள் வீட்டுச் சீட்டுகளுக்குப் பயந்து இங்கே வந்தால் இங்கேயும் எனக்கென்று ஒரு சீட்டு. அடுத்த வகுப்பில் டாக்டர் மேலே, நான் கீழே. மூச்சு முட்டியது. நிறுத்த வேண்டும், ஆகவே ஒரு தட்டு தட்டினேன். அவர் விடவில்லை. இன்னும் ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டினேன். சுவரில் இருக்கிற சீட்டை அவர் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு கேட்டால், "ஒரு தட்டு தெரியாம பட்டிருக்கும்னு நினைச்சேன், சாரி சார்" என்கிறார். எனக்கு வருகிற செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஊரில் எனக்குத் தெரிந்த பல் டாக்டர் இவர் ஒருவர்தான். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

நேற்று பரீட்சை. நிற்கிற நிலையிலிருந்து ஐந்து தடவை அடிபடாமல் விழுந்து காட்ட வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, மேல் அறை கண் முன்னால் வந்து வந்து போயிற்று. மாஸ்டர் பிடித்தாள், தள்ளினாள். வழக்கம்போல் நின்றுவிட்டேன். எத்தனையோ வேண்டிக்கொண்டேன், கால் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.  அப்புறம் மாஸ்டர் மறுபடி சட்டையைப் பிடித்தாள், பிடித்துக்கொண்டே சத்தமாக, "கடைசி ஸ்டாப்பிங், எல்லாரும் இறங்குங்க" என்றாள். மாப்பிள்ளை, என் இரண்டு காலும் தானாகத் தளர்ந்துவிட்டன. அடுத்த நொடி நான் மல்லாந்து கிடக்கிறேன், தொப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு கையும் தரையில் பளீரென்று அடித்திருக்கிறது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஐந்து தடவை சொன்னாள், ஐந்து தடவை விழுந்தேன். முப்பத்தொரு வருடத்து உழைப்பை ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிட்டாள். பதினோரு பேரும் கை தட்டினார்கள், டாக்டர்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, மாஸ்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். 'இவர் விழுந்தாலும் அடிபடாமல் விழுவார்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், அறிக்கையின் ஏழாவது பக்கமாகச் சேர்த்துத் தையுங்கள். கட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். மேல் அறை என்ற பேச்சு இனிமேல் எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது. நான் இங்கேயே, தனியாக, என் ரேடியோவோடு இருப்பேன். ஜூடோவுக்கும் இன்றோடு ஒரு பெரிய கும்பிடு, இனிமேல் அந்த மாடிப்படியில் கால் வைக்க மாட்டேன். வெள்ளை உடையைத் துவைத்து அனுப்புகிறேன், நீங்கள் போட்டுக்கொண்டு விழுங்கள்.

உங்களுக்கும் மகளுக்கும் ஒரு குறையும் வராமல், நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு இருக்க இந்தக் கோபக்கார மாமனாரின் மனமார்ந்த ஆசிகள். கோபம் உங்கள் மேல்தான், ஆசி இரண்டு பேருக்கும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், மாஸ்டர் இல்லாமலும் விழ வருகிறதா என்று பார்க்கலாம் என்று ஹாலில் நின்று, நானே "கடைசி ஸ்டாப்பிங்" சொல்லி விழுந்து பார்த்தேன். வந்தது. அழகாக விழுந்தேன். விழுந்துவிட்டுக் கையை மேலே நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வகுப்பில் யார் விழுந்தாலும் எதிரில் நிற்கிறவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவார், அது அங்கே பழக்கம், இத்தனை நாளும் அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இங்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை மடக்கினேன். பிறகு புரண்டு, ஊர்ந்து, சோபாக் காலைப் பிடித்து நாற்காலிக்கு வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. இவ்வளவு ஆனபிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் விழுந்தேன், எழுந்தேன், காப்பி போட்டுக் குடித்தேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? விழுந்தது காலை ஏழு மணிக்கு. காப்பி குடித்தது மத்தியானம் ஒன்றரைக்கு. உங்கள் அறிக்கையில் அது இல்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாஸ்டர் கொடுத்த தாளை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். ரேடியோவும் வரும், அதில் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஜூடோ வகுப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள், அடுத்த படியான மஞ்சள் பெல்ட்டுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. மகள் கேட்டால் அப்பா தேறவில்லை என்று சொல்லுங்கள். எதில் தேறவில்லை என்று அவள் விடாமல் கேட்பாள். விழுவதில் பாஸ், எழுந்திருப்பதில்தான் ஃபெயில் என்று சொல்லிவிடுங்கள்.