பித்தநீர் அண்ணாச்சியின் சோற்று நேரம்

அன்று மதியம் சாலைத் தெருவில் எங்கள் இரும்புக் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி, அவரிடம் வேலை பார்த்த நான், முதலாளியின் சோற்றின்மேல் படுத்திருந்த ஒரு பொரித்த அயலை மீன். நான்காவதாக வந்தார் பித்தநீர் அண்ணாச்சி.

திருவனந்தபுரத்திலேயே அடுத்தவன் வயிற்றுக்குள் அவ்வளவு உரிமையோடு குடியிருந்தவர் வேறு எவரும் இல்லை. மருந்துச் சரக்குக் கடையில் கணக்கெழுதி ஓய்ந்தவர். சட்டைப் பையில் கடுக்காய்த் தூள். கையில் தன் சோற்றுத் தூக்குச்சட்டி.

"மொதலாளி, கொழுப்பு உள்ளே போனதும் பித்தநீர் எறங்கி வரும். கடுக்காயில உள்ள துவர்ப்பு அதைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டுப் போயிடும். ஈரல் சும்மா இருக்குமா? புதுசா பித்தநீர் உண்டாக்க, ரத்தத்துல கிடக்குற கொழுப்பை எடுக்கும். கொழுப்பு கொறையும்! கேட்டியளா?"

"பொடியைக் கொடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. படுக்கும்போது போட்டுக்கிடுதேன்."

"அதுவரைக்கும் பித்தநீர் உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? சோத்தோட சோறா போடணும். நான் பக்கத்துல இருந்து பாக்கணும்." சொன்னபடியே தூக்கைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஒரு கடை விடாமல் தெருவெங்கும் இடம் பிடித்தார். பொறுக்க முடியாமல் ஒருநாள் முதலாளி நெஞ்சைத் தட்டி, "எனக்குச் சுகமாயி, அண்ணாச்சி!" என்றார். "ரொம்ப சந்தோஷம்" என்று போனவர், அப்புறம் முதலாளி சாப்பிடும்போது வரவே இல்லை. குணமானவனைத் தொந்தரவு செய்யமாட்டார். சங்கதி பரவியது. ஒரே வாரத்தில் தெருவே குணமாகிவிட்டது.

மிஞ்சிய நோயாளி, குடோனில் ஒற்றையாகச் சாப்பிடும் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் ரத்தத்தில் கொழுப்பு என்று சொன்ன அன்றே, என்னைத் தூக்க நாலு பேர் தேறுவார்களா என்று யோசித்துப் பயந்தவன். அண்ணாச்சி பக்கத்தில் இருக்க, மாத்திரையும் விழுங்கினேன், கடுக்காயும் தின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாடகை அறைக்குப் போனேன். பொழுது சாயப்போகிறது, தூக்கு திறக்காமலே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, சாப்பிடலையா?"

"மக கழக்கூட்டம் ஊர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே தின்னுடுதாளாம். எனக்குச் சுவரைப் பாத்துக்கிட்டு சோறு எறங்க மாட்டேங்குதுடே."

போன மாதம் டாக்டர், "எல்லாம் நார்மல். துவர்ப்பைப் பற்றி உங்க ஆள் சொல்றதுல கொஞ்சம் காரியமுண்டு. ஆனா மாத்திரையை விடக்கூடாது, கேட்டோ!" என்றார். என் வாழ்க்கையில் டாக்டர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. தெருவுக்கே கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது குடோன் வாசலில் தூக்கோடு நின்றார் அண்ணாச்சி. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடே சொன்னாரு? சுகமாயிட்டோ?"

"எங்க அண்ணாச்சி? கூடிப்போச்சாம். இனிமே ஞாயித்துக்கிழமையும் நீங்க பக்கத்துல இருக்கணும்."