நாலாம் நிமிடத்து உறுமல்

சென்னை விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் பொழிச்சலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விமானம் கேட்காது. தலையை உரசிக்கொண்டு போனாலும் சரி. பேச்சைப் பாதி வாக்கியத்தில் நிறுத்துவோம், விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். நிறுத்தியதே எங்களுக்குத் தெரியாது. (வெளியூர் மாப்பிள்ளைகள் இதைப் பரம்பரை வியாதி என்று பயந்ததுண்டு.) இந்தக் காதை வைத்துக்கொண்டுதான் நான் இசை விமர்சகனாகக் கிளம்பினேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தோள்வரை முடி, ஏழு நாளும் கறுப்பு டி-ஷர்ட். ஒரு இணைய இதழின் ஆசிரியர் ஐந்து புதிய ஹெவி மெட்டல் ஆல்பங்களை அனுப்பியிருந்தார். டூம், டெத், பிளாக், த்ராஷ், பவர் என்று வகைக்கு ஒன்று. நன்றாக எழுதினால் மாதாமாதம் வரும் பத்தி எனக்கே. "இந்தக் கத்தலைக் கேட்டு உனக்கு இன்னாடா லாபம்?" என்று தினமும் கேட்கும் அப்பாவுக்கு அதுதான் என் பதில்.

ஹெட்போனில் ஒரு பக்கம் செத்திருந்தது. மாடி அறை ஜன்னலில் ஸ்பீக்கரை வைத்து, ஒவ்வொரு ஆல்பத்தையும் ஒரே முறை கேட்டேன். (இரண்டாம் முறை கேட்பது மேதைக்கு அவமானம் என்று நினைத்த வயது.) புல்லரித்துப்போய் எழுதினேன்: 'டூம் ஆல்பத்தின் மூன்றாம் பாட்டில், நாலாம் நிமிடத்தில் பாதாளத்திலிருந்து ஓர் உறுமல் எழுந்து, தலைக்கு மேலேறி, மெல்ல மேற்கே மறைகிறது.' அதே உறுமல் டெத்திலும் வந்தது, பிளாக்கிலும் வந்தது. ஐந்து வகையும் ஒரே ஒலியை நோக்கி நகர்வதாகக் கோட்பாடு கண்டுபிடித்து, 'புதிய உறுமலியம்' என்று பெயரும் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுரை வெளியானது. மத்தியானம் ஆசிரியர் போன் செய்தார்.

"தம்பி, வாசகர்கள் திட்டுறாங்க. நாலாவது நிமிஷத்துல வெறும் கிட்டார்தானே இருக்கு?"

"அதுக்குக் காது பழகணும் சார்," என்றேன். (அந்த வாயை இன்று நினைத்தாலும் கூசுகிறது.) "இருங்க, போட்டுக் காட்டுறேன்."

அண்ணனைக் கட்டிக்கொண்டு மறைமலை நகரிலிருந்து வந்து பத்தே நாளான அண்ணி, மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். நாலாம் நிமிடத்தில் உறுமல் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். ஐந்தாம் நிமிடத்தில் குறையில்லாமல் வந்தது.

"கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு. இப்ப பாட்டை நிறுத்துங்க."

நிறுத்தினேன். உறுமல் நிற்கவில்லை.

ஜன்னல் வழியாக அண்ணி எட்டிப் பார்த்தார். "தம்பி, அது ஃப்ளைட்."

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். சக்கரங்கள்கூடத் தெரிந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விமானத்தை விமானமாகக் கேட்டேன்.

போனில் ஆசிரியர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கியிருந்தார். "பத்தி உங்களுக்குத்தான். இவ்வளவு சிரிச்சு நாளாச்சு. ஆனா ஒவ்வொண்ணையும் மூணு தடவை கேக்கணும்," என்றார். நான் மாடியிலேயே குதித்தேன். அண்ணி தன் ஹெட்போனைத் தந்துவிட்டார். அப்பா கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டு, "ஃப்ளைட்டைப் பத்தி நல்லாத்தான் எழுதிக்கீற," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அண்ணியைத் தவிர விமானம் கேட்பது எனக்கு மட்டும்தான். பேச்சு நடுவில் நின்றால் அண்ணி உடனே, "இது டூமா, டெத்தா தம்பி?" என்பார். இப்போது என் மகளும் சேர்ந்துகொண்டாள். மாடியில் நின்று, போகிற விமானத்துக்கெல்லாம் ஐந்துக்கு மார்க் போடுகிறாள். நேற்று ஒன்றுக்கு நாலரை கொடுத்தாள்.

நானும் கேட்டேன். நாலு போதும்.