செத்த ஜீன் போட்ட கோடு

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

என் மகளுக்கு அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு, அது முடிந்தால் டாக்டர் பட்டம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது. அவள் ஆராய்வது ஆக்டின் என்ற புரதம். எலியானாலும் நாமானாலும் செல் சரியாமல் தாங்கி நிற்பது அதுதானாம். அதை உண்டாக்கும் ஜீன்கள் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன. கூடவே, அச்சு அசலாக அதே ஜாடையில், வேலை எதுவும் செய்யாத செத்த நகல்கள் ஏராளம். "அதெப்படிம்மா, ஒரே குடும்பத்துல பொறந்துட்டு சும்மா இருக்கும்?" என்று கேட்டேன். "ஏம்ப்பா, நம்ம மாமா இல்லையா?" என்றாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தது உங்கள் அக்காதான்.

வேலை செய்யும் ஜீன்தான் ஆர்என்ஏ உண்டாக்குமாம், அதனால் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று பார்க்கச் செல்லிலிருந்து ஆர்என்ஏவைப் பிரிப்பார்கள். சோதனையில் கோடு விழுந்தால் அந்த ஜீன் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் டிஎன்ஏவை முதலில் அழித்துவிட வேண்டும். இவள் அவசரத்தில் அதை விட்டுவிட்டாள், டிஎன்ஏ மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புக் குழாயும் வைக்கவில்லை. நேற்று வைத்துப் பார்த்தால், ஒன்றுமே தெரியக் கூடாத அந்தக் குழாயிலும் பளிச்சென்று கோடு! டிஎன்ஏவில் சும்மா கிடந்த செத்த நகல் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் ஜீன் மும்முரமாக வேலை செய்கிறது என்று ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறாள். இது பேராசிரியருக்கே தெரியாது. இவளோ, "சொல்லிடப் போறேம்ப்பா" என்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று கத்தினேன். "இதை நம்பி இன்னொருத்தர் வருஷக்கணக்கா வேலை செஞ்சா பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்துவிட்டேன். மாமா சொன்னால் கேட்பாள். பட்டம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும்.

நிம்மதியில்லாத,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது வந்துவிட்டாள். பேராசிரியரிடம் சொல்லிவிட்டாளாம். தேர்வு தள்ளிப்போய்விட்டது, அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். "பசிக்குதும்மா" என்று உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள், அப்படியே சோபாவில் தூங்கிப்போனாள். ஆய்வேடு எழுதத் தொடங்கியதிலிருந்து அவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். அவள் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள், காலையில்தான் அப்படிக் கத்தியிருக்கிறேன்.