லிஃப்ட் பாட்டுக்கு அனுமதி

முன்பெல்லாம் மனுஷனுக்குக் கோபம் வந்தால் ஒரு பாட்டை எடுத்து விடுவான். இப்போது அதற்கும் விண்ணப்பப் பாரம் கேட்கிறார்கள். எல்லாம் ஊரை ஏமாற்றுகிற வேலை.

அய்யாக்கண்ணுவின் எண்ணம் அதுதான். பாயான் பாருவில் அவருடைய அடுக்குமாடியில் லிஃப்ட் நின்று நான்கு மாதம். முட்டிவலிக்காரியான அவர் மனைவி லெட்சுமி ஒன்பதாவது மாடியை விட்டு இறங்கவே இல்லை. மனுக் கொடுத்தும் பலனில்லை. அதனால் பழைய சினிமாப் பாட்டு ஒன்றில் காதலி வரும் இடத்திலெல்லாம் லிஃப்டைப் போட்டு, தீபாவளி விருந்துக்கு வரும் சட்டமன்ற உறுப்பினர் முன்னால் பாடுவதென்று முடிவு செய்தார்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் விஸ்வலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மெட்டு உம்முடையதோ?"

"வார்த்தை என்னோடது."

"மெட்டுக்கு உரிமைக்காரன் இருக்கிறான். எழுத்தில அனுமதி வாங்கும். இல்லாட்டி சங்கத்து மேல வழக்கு வரும்."

"இந்த வேகம் லிஃப்டுக்கு இல்லையே லா."

அய்யாக்கண்ணு பாதி மெட்டைத் தூக்கிவிட்டு, வேறொரு படப் பாட்டை ஒட்டினார்.

"இப்ப ரெண்டு கம்பெனியிட்டக் கேக்க வேணும்," என்றார் விஸ்வலிங்கம்.

ஆத்திரத்தில் அய்யாக்கண்ணு தலைவரைப் பற்றியே நாலு வரி சேர்த்தார்.

"இனி என்னட்டயும் கேக்க வேணும். நான் தரமாட்டன்."

அந்த நாலு வரியை வெட்டினார். ஃபேக்டரி வேலை முடிந்து வந்த மகள் ரூபினி இரண்டு கம்பெனிக்கும் எழுதினாள்.

"பாடி அனுப்பச் சொல்றாங்கப்பா."

"அனுப்புனா திருடிக்குவானுங்க."

"யாரும் திருட மாட்டாங்கப்பா," என்றாள், சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அரைமனதாகப் பாடி அனுப்பியும் விருந்தன்று வரை பதில் இல்லை. உறுப்பினர் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோதுதான் கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போடும்," என்றார் விஸ்வலிங்கம். ரூபினி போட்டாள்.

"அங்கிள், பாட்டுக் கம்பெனிலேருந்து அதிரா பேசறேன்."

"அனுமதி குடுக்கறியா இல்லியாம்மா?"

"நீங்க பாடி அனுப்புனத ரெண்டு கம்பெனி ஆளுங்களும் சேர்ந்து நாலு தடவ போட்டுக் கேட்டோம் அங்கிள். இதுல எங்க பாட்டு எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. இது முழுக்க உங்க சொந்தப் பாட்டு. தாராளமா பாடுங்க."

பந்தலே சிரித்தது. உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாட்டு அது?" என்று கேட்டார்.

"நாலு மாசமா ஓடாத லிஃப்டைப் பத்தி," என்றாள் ரூபினி.

உறுப்பினர் விஸ்வலிங்கத்தைப் பார்த்தார். விஸ்வலிங்கம் முறுக்கைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஆள் வரும்யா," என்றார் உறுப்பினர்.

"எதா இருந்தாலும் எழுத்துல குடுக்கச் சொல்லு," என்று மகளிடம் சொல்லிவிட்டு, அய்யாக்கண்ணு ஒன்பது மாடிப் படிகளில் ஏறத் தொடங்கினார்.