திரையில் விழாத புள்ளி

எது போனாலும் அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கேப்டன் முடிவு செய்திருந்தார்.

கேப்டன் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். பகலில் அவர் கண்ணாடிக்கடைக்காரர். வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெரியுதா? இதுல?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்தால், இணைய விளையாட்டில் போர் விமானி. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் கம்ப்யூட்டரும் மூன்று திரைகளும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் பழைய காரிலிருந்து கழற்றிய இருக்கையும் இருந்தன. பறக்கும் பகுதியின் வரைபடத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் உலகம் கீழே போய்விடும்.

அந்த அறையைத்தான் மனைவி கேட்டாள்.

"அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திடுச்சுங்க. ஆஸ்பத்திரி நம்ம தெருக்கோடியிலதான் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்."

"தாராளமா இருக்கட்டும். எங்க இருப்பாரு?"

"அந்த அறையில."

"அது அறை இல்லம்மா. விமானம்."

"அப்ப விமானத்தைக் கொஞ்சம் இறக்குங்க."

"ஆபரேஷன் எதுக்கு? நல்ல கனமான கண்ணாடியா ஒண்ணு போட்டுத் தர்றேன்."

"புரைக்குக் கண்ணாடியா? இதை உங்க கடை வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லுங்களேன், பார்ப்போம்."

வாதத்தில் தோற்கும்போதெல்லாம் கேப்டன் சபதம் செய்வார்.

"இங்க பாரு. நேருக்கு நேர் எவன் வேணா என்னைச் சுட்டு வீழ்த்தலாம். அது விளையாட்டு. ஆனா யாருன்னே தெரியாம, என் ரேடார்லயே விழாம ஒருத்தன் என்னைத் தொடர்ந்து வீழ்த்திட்டான்னு வை, அன்னிக்கு இந்த அறை உங்கப்பாவுக்கு."

"சத்தியமா?"

"விமானி வாக்கு."

மனைவி ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தாள். ஊரெல்லாம் ஓடும் வண்டிகளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே வழி சொல்வாள். பாலத்துக்கு முன்னாடி இடது, பள்ளிக்கூடம் தாண்டினதும் நேரா. குரல் ஒருபோதும் உயராது. வீட்டில் சண்டை போடும்போதும் அதே குரல்தான் என்பது கேப்டனின் நெடுநாளைய குறை.

ஃபிரிட்ஜ் முன்னால் நின்று வெங்காயம் உரித்தபடி அவள் கேட்டாள். "ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்காமலா சண்டை போடுவீங்க?"

"பார்த்துச் சண்டை போட்டதெல்லாம் அந்தக் காலம். இப்ப பல மைல் தள்ளியே கதை முடிஞ்சிடும். ரேடார்ல ஒரு புள்ளி தெரியும். ஏவுகணையை விட்டுட்டுத் திரும்பிட வேண்டியதுதான். ஒரே சிக்கல், நான் ரேடாரைப் போட்டா அவனுக்குத் தெரிஞ்சிடும். அவன் காதுல டிக் டிக்னு அடிக்கும். இருட்டுல டார்ச் அடிக்கிற மாதிரி. நீ அவனைப் பார்க்கலாம், அவனும் உன்னைப் பார்ப்பான்."

"டார்ச்சே அடிக்காம வந்தா?"

"குருடன் மாதிரி வரணும். யாராவது கூடவே வழி சொன்னாதான் உண்டு."

"ஓஹோ" என்றாள். வெங்காயம் உரித்து முடிந்திருந்தது.

சில நாட்கள் கழித்து அது வந்தது.

மாலை. கேப்டன் ஏரிக்கு மேலே பறந்துகொண்டிருந்தார். வானம் காலியாக இருந்தது. ரேடாரின் கோடு இடமும் வலமுமாகப் போய்வந்து எதையும் காணாமல் திரும்பியது. திரையின் ஓரத்தில், வானில் இருப்பவர்களின் பெயர் வரும் இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதன் கீழே பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி.

யாரோ இருக்கிறார்கள். ஆனால் டிக் டிக் இல்லை. தன்னை எவரும் தேடவில்லை என்று கேப்டன் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் காதில் 'கீ' என்று நீண்ட ஒலி எழுந்தது. ஏவுகணை கண்ணைத் திறந்துவிட்டால் மட்டும், விட்டவனுக்கும் மாட்டியவனுக்கும் வரும் ஒலி. திரை வெளுத்தது. கீழே, எதிராளி எழுதுவது தெரியும் இடத்தில், எழுத்துகள் நிதானமாக வந்தன.

வீட்டுக்குப் போ.

கேப்டன் ஹெட்போனைக் கழற்றினார். வீடு அமைதியாக இருந்தது. சமையலறையில் கத்தி பலகையில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் உயரத்தை மாற்றினார். அதற்கு மறுநாள் திசையை மாற்றினார். "இப்ப மலைக்குப் பின்னால போறேன், வடக்கே திரும்பறேன்" என்று ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிச் செய்தார். சொல்லிச் செய்வது விமானிகளின் ஒழுங்கு. கூட யாருமே பறக்காவிட்டாலும் ஒழுங்கு ஒழுங்குதான். மலைக்குப் பின்னால் நிழல் கவிந்திருந்தது. அங்கேயும் 'கீ'.

மலைக்குப் பின்னாடி குளிருமே என்று எழுத்துகள் வந்தன. சற்று இடைவெளி விட்டு இன்னொரு வரி.

நீலச் சட்டை. பொத்தான் மாறிப் போட்டிருக்கு.

கேப்டன் மெல்லக் குனிந்து பார்த்தார். சட்டை நீலம். பொத்தான்கள் ஒரு படி தள்ளி மாட்டியிருந்தன. அறையில் கேமரா கிடையாது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் திரைச்சீலை லேசாக ஆடியது. பிடரியில் முடி எழுந்து நின்றது. தலையில் முடி நிற்பதைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

சட்டென்று எழுந்து சமையலறைக் கதவைத் தள்ளினார். மனைவி ஃபிரிட்ஜைப் பார்த்தபடி நின்றிருந்தாள். இரண்டு கையும் மாவுக்குள் இருந்தன. போன் காதுக்கும் தோளுக்கும் இடையில்.

"யாருகிட்ட பேசற?"

"அப்பாகிட்ட. தனியா இருக்காரு, பாவம். பேச்சுத்துணைக்கு."

கேப்டன் மாவுக் கைகளை உற்றுப் பார்த்தார். இந்தக் கைகளால் போர் விமானம் ஓட்ட முடியாது. அவள் மேல் இருந்த சந்தேகத்தைத் தள்ளுபடி செய்தார்.

"நான் கேட்டேன்னு சொல்லு."

"அவரும் இவ்வளவு நேரம் உங்களைத்தான் கேட்டுட்டிருந்தாரு. என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"சட்டையைச் சரியாப் போடுங்க."

மறுநாள் காலை கடைக்கு இறங்கும்போது, மேல்மாடியில் குடியிருக்கும் பியானோ டீச்சர் எதிரே ஏறி வந்தாள்.

"என்ன சார், நேத்து மலையைச் சுத்தி வடக்கே திரும்பினீங்களே, தப்பிச்சீங்களா?"

கேப்டன் படியிலேயே நின்றுவிட்டார். "உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"இந்தக் கட்டடத்துல யாருக்கு சார் தெரியாது?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சிரிப்பு படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது. அந்தப் புள்ளி திரையை விட்டு இறங்கி, வீடு வீடாக நுழைந்துவிட்டது என்று கேப்டனுக்குப் புரிந்தது.

அன்று கடையில் கதவின் கீல் 'கீ' என்றபோது மேஜைக்குக் கீழே குனிந்தார். ஒரு அம்மாள் கண் சோதனைக்கு உட்கார்ந்து எதிர்ச்சுவரை வெகுநேரம் பார்த்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"எழுத்தெல்லாம் போயிடுச்சு. ஒரு புள்ளி மட்டும் தெரியுது."

கேப்டன் கடையைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒருமுறை பறந்தார். அறையைக் காப்பாற்ற இனி ஒரே வழிதான் இருந்தது. "ரேடாரை அணைச்சாச்சு. ஆத்துப் பள்ளத்தாக்குல தரையோடு தரையாப் போறேன். இனிமே நான் யார் கண்ணுக்கும் தெரியமாட்டேன்" என்று உரக்க அறிவித்துவிட்டு இறங்கினார். இரு பக்கமும் பாறைகள் ஓடின. கீழே தன் விமானத்தின் நிழல் தண்ணீரில் கூடவே வந்தது. அவர் திரும்பும்போது அது ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோலத் தோன்றியது. பெயர்ப் பட்டியலில் புள்ளி அசையாமல் இருந்தது.

"நீ யாரு? உனக்கு என்னதான் வேணும்?" என்றார். விசைப்பலகையைத் தொடவே இல்லை. வாயால் மட்டும்தான் கேட்டார்.

திரையில் பதில் வந்தது.

அறையைக் காலி பண்ணு.

பிறகு 'கீ'.

கேப்டன் வெளியே வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பேயடிச்ச மாதிரி வர்றீங்க?"

"எனக்கு அந்த அறை வேண்டாம். உங்கப்பாவை வரச்சொல்லு."

"அவருக்கு அங்க சரிப்படுமா?"

"அவருக்குத்தான் கண்ணே தெரியாதே. ஒண்ணும் பண்ணாது."

சொன்ன பிறகு கொஞ்சம் உறுத்தியது. வயதானவரை இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து வைக்கிறோமே என்று. அந்த உறுத்தலோடு போய் நிம்மதியாகத் தூங்கினார்.

மாமனார் ஒரு பெட்டியோடும் ஒரு அட்டைப்பெட்டியோடும் வந்தார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குள் போனார். கேப்டனின் திரைகள் பரணுக்குப் போயின. கார் இருக்கை மட்டும், தரையோடு முடுக்கியிருந்ததால், அங்கேயே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கேப்டன் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒலி எழுந்தது.

கீ.

கேப்டன் எழுந்தார். ஓடிவிடலாம். ஆனால் உள்ளே ஒரு முதியவர், கண் தெரியாதவர், தன்னால் அங்கே கிடக்கிறார். கதவை மெதுவாகத் திறந்தார்.

விளக்குப் போடாத அறை. கார் இருக்கையில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர். திரையில் திசை காட்டும் எண் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக எரிந்தது. அவர் கையில் ஒரு ஜாய்ஸ்டிக், அதன் கழுத்தில் பச்சை டேப். அந்த டேப்பைச் சுற்றியவர் கேப்டன். திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி.

"மாமா... இது..."

"நீங்க குடுத்ததுதான் மாப்பிள்ளை. புதுசு வாங்கினதும் பழசை என் வீட்டுல கொண்டுவந்து வெச்சீங்களே, பொழுது போகும்னு. பேர் கேட்டுச்சு. அவசரத்துல நீங்கதான் ஒரு புள்ளியைத் தட்டிட்டுப் போனீங்க."

"உங்களுக்குத்தான் கண்ணு..."

"வானம் வெளிச்சமா இருக்கும், தரை இருட்டா இருக்கும். அந்த அளவுக்குத் தெரியும். மத்ததை என் பொண்ணு போன்ல சொல்வா. ரேடாரைப் போட்டாலும் எனக்குத் தெரியப்போறதில்ல. அதனால போடறதே இல்ல. கிட்ட வந்ததும் சும்மா முன்னால விட்டா போதும். அதுக்கே கண்ணு இருக்கு, தேடிக்குது. எழுத்து அடிக்க எனக்குக் கண்ணு எதுக்கு?"

கேப்டன் திரும்பினார். வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"உனக்கு... நான் எங்க இருக்கேன்னு எப்படி..."

"ஹெட்போனை மாட்டிட்டு நீங்க கத்தற கத்து மாடி வரைக்கும் கேக்குது. வரைபடத்தையும் நீங்களே ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கீங்க. எங்க டிரைவருங்கள்ல ஒருத்தராவது இருக்கிற இடத்தை இவ்வளவு சுத்தமாச் சொன்னா, நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன்."

அதே குரல். உயரவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியும் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று கேப்டன் மாமனாரின் முன்னால் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் தொண்டையைச் செருமினார்.

"மாமா, இப்பதான் கண்ணு நல்லாத் தெரியுதே. இவ வழி சொல்லாம, நேருக்கு நேர், ஒரே ஒரு ஆட்டம்?"

மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மாப்பிள்ளையைப் பல வருஷத்துக்குப் பிறகு தெளிவாக, நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும், நிதானமாகப் பார்த்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. பார்த்த பிறகு சுட மனசு வரமாட்டேங்குது."