கஜகஸ்தானில் சூலம்

ரூட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எந்த ஊருக்கும் வழி போட்டுக் கொடுப்பார்; எந்த ஊருக்கும் போகமாட்டார். திருச்சானூருக்குக் கிளம்பிய உறவினரை வாசலிலேயே மறித்து, எந்த முனையில் ஷேர் ஆட்டோ ஏறுவது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று அரை மணி நேரம் விளக்கி, அவர் போய்ச் சேரும்போது கோயில் நடை சாத்தியிருந்தால், "இதுக்குத்தான் முன்னாடியே பிளான் போடணும்ன்றது" என்று வருத்தப்படுகிறாரே, அவரேதான்.

அந்த இனத்தில் முதல் தரமான ஒருவர், ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரி ஊரில் இருக்கிறார். பெயர் முனிகிருஷ்ணன். நான்கு பவர்லூம் ஓட்டுகிறார். மூன்று வருடமாகக் கஜகஸ்தானுக்கு ரூட் போடுகிறார். பத்தே நாள், முதுகில் ஒரே பை. ஏன் கஜகஸ்தான்? மனைவி செல்வி ஆசைப்பட்டது. அவர் அரசுப் பள்ளியில் சோஷியல் டீச்சர்.

"பதினெட்டு வருஷமா ஸ்டெப்பி புல்வெளி, ஸ்டெப்பி புல்வெளின்னு போர்டுல எழுதிக்கினு இருக்கேன். முட்டி வலி வேற ஆரம்பிச்சிடுச்சி. நடக்க முடியறப்பவே ஒரு வாட்டி அதுல போய் நிக்கணும்ங்க" என்றார். தசரா லீவை விட்டால் அவருக்கு வேறு நாளும் கிடையாது.

முனிகிருஷ்ணன் உடனே காரியத்தில் இறங்கினார். அதாவது, உட்கார்ந்தார். நான்கு கலரில் பேனா வாங்கினார். பையை நூல் நிறுக்கும் தராசில் ஏற்றி, ஐம்பது கிராம் கூடியதென்று செல்வியின் சீப்பை வெளியே எடுத்துப் போட்டார். கஜகஸ்தான் போய் வந்தவர்களின் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்து, அவர்கள் செய்த தவறுகளை அவர்களுக்கே கமெண்டில் எழுதினார்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் தினசரிக் காலண்டர் குறுக்கே நின்றது. சூலம்! அந்தந்தக் கிழமையில் அந்தந்தத் திசைக்குப் பயணம் ஆகாது அல்லவா? விமானம் இறங்கும் அல்மாட்டி நகரத்துக்குக் கிழக்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கு. சனியும் திங்களும் கிழக்கே சூலம். சரி, ஞாயிறு போகலாம். ஞாயிறு மேற்கே சூலம், எப்படித் திரும்புவது? தலைநகர் அஸ்தானா வடக்கே. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடக்கே சூலம், நகரவே கூடாது. கடைசியில், பத்து நாளில் ஆறு நாள் லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருக்கும்படி ஓர் அருமையான ரூட் அமைந்தது. ராகு காலம் கஜகஸ்தான் நேரப்படியா, நம் நேரப்படியா? பக்கத்து வீட்டு ஹரிபாபுவோடு அதைப் பேசி முடிப்பதற்குள் முதல் தசரா போயிற்று. அங்கே அஸ்தானாவுக்குப் பகல் ரயிலா, ராத்திரி ரயிலா என்பதில் இரண்டாவதும் போயிற்று.

"டிக்கெட் எப்போங்க போடறது?" என்பார் செல்வி.

"ஆகு செல்வி, ஆகு. ஒரு சின்ன ஆல்ட்ரேஷன் பண்ணிக்கினு கீறேன்." 'இரு' என்பதைத் தெலுங்கில் சொல்லி நிறுத்தினால் மறுபேச்சு இருக்காதென்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

மூன்றாவது வருடம் செல்வி கேட்பதையே விட்டுவிட்டார். மனைவிக்குப் பொறுமை வந்துவிட்டதென்று முனிகிருஷ்ணன் சந்தோஷப்பட்டார். தசரா லீவு விட்டதும், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இருபத்தேழாவது ரூட்டை அவர் மேஜைமேல் விரித்துக்கொண்டிருந்தபோது செல்வி பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் எங்க ஸ்கூல் சபீனா டீச்சரும் டிக்கெட் போட்டுட்டோம். இன்னிக்கு ரேணிகுண்டாவுல பிளைட்டு. டெல்லி போய் அங்கேர்ந்து அல்மாட்டி."

முனிகிருஷ்ணனின் கண் காலண்டருக்குப் போயிற்று. "செவ்வாக்கெழம வடக்கால போறியே! இரு, ஒரு டம்ளர் பாலாவது குடிச்சிட்டுப் போ."

"எதுக்கு?"

"பரிகாரம். பால் குடிச்சிட்டுப் போனா வடக்கு சூலம் ஒண்ணும் பண்ணாது. கிழக்குக்குத் தயிரு, மேற்குக்கு வெல்லம். காலண்டர்லயே போட்டுக்கீதே."

செல்வி பாலைக் குடித்து முடித்தார். டம்ளரை இருபத்தேழாவது ரூட்டின் மேல் வைத்தார்.

"ஒரு டம்ளர் பாலுதானா? மூணு வருஷமா இத ஏங்க சொல்லல?"

முனிகிருஷ்ணன் டம்ளரை எடுத்துவிட்டு ரூட்டில் பட்ட பாலைத் துடைத்தார். என்ன சொல்வார்? போய்விட்டால் ரூட் முடிந்துபோகும். அந்தப் பயத்துக்குக் காலண்டரில் பரிகாரம் போட்டிருக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல், நடுவில் செல்வி, வாய் நிறையச் சிரிப்பு. முனிகிருஷ்ணன் அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஹரிபாபுவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நெழலப் பாரு, சாயந்தரமா போய்க்கிறா. நம்ம ரூட்டுல இது காலைல ஆறு மணி."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் போனை எடுத்து, என்றைக்காவது போகலாமென்று சேமித்து வைத்திருக்கிற ஊர்கள் எத்தனை என்று பாருங்கள். அதில் ஏதாவது ஒன்றைப் பற்றி வீட்டில் யாரோ "எப்போ போறோம்?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்களே, அந்தக் கேள்வி நின்று எத்தனை நாளாகிறது? நினைவில்லையா? எதற்கும் ஒரு முறை உள்ளே எட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.