கையாட்ட ஓர் ஆள் தேவை

படிவத்தின் முதல் ஆறு கேள்விகளுக்கும் மளமளவென்று எழுதிக்கொண்டு வந்த கணக்கப்பிள்ளை தம்பையாவின் பேனா, ஏழாவது கேள்வியில் நின்றுவிட்டது.

'பயணியின் உறவினரும் நண்பர்களும் கீழே எந்த இடத்தில் நின்று கையாட்டுவார்கள்? அவ்விடத்தில் ஹெலிகொப்டர் தாழ்வாகப் பறக்கும்.'

பதுளைக் கடைத்தெருவில் ஹுமைத் முதலாளியின் புடவைக்கடை. எழுபத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு அங்கே ஒரு நைலோன் சேட்டு வாங்கியதைத் தவிரத் தம்பையா வேறு ஒரு பாவமும் செய்யவில்லை. சேட்டோடு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். மாசி மாதம் பார்த்தால் அந்தச் சீட்டுக்கு முதற்பரிசு. வெள்ளைக்காரர்களுக்குத் தீவைச் சுற்றிக் காட்டுகிற ஹெலிகொப்டர் ஒன்று கொழும்பிலிருந்து வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை அதில் இருபது நிமிஷம் பறக்கலாம். துன்ஹிந்த அருவி, நமுனுகுல மலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்கள் என்று ஒரு முழு வட்டம்.

"என்ன கணக்கப்பிள்ளை, யோசிக்கிறீங்க? பொஞ்சாதி புள்ளைகள் நிக்கிற எடத்த எழுதுங்களே" என்றார் ஹுமைத்.

"பொஞ்சாதி செத்துப் பத்து வருஷமாச்சுங்க முதலாளி. புள்ள இல்ல."

"அல்லாவே! அண்ணன் தம்பிமார்?"

"எல்லாம் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டாங்க."

"சரி, கூட்டாளிமாராவது ஈக்கிறாங்கதானே?"

தம்பையா கடையின் கூரையை ஆராய்ந்தார். கூரை நன்றாகத்தான் இருந்தது.

"என்னமும் ஒண்டு எழுதுங்க. கையாட்ட ஆளில்லாம மேல போய் என்னத்துக்கு? போன தரம் பண்டாரவளையில இருந்து ஒரு மாஸ்டர் போனார். அவர்ட குடும்பமே கூரைல ஏறி நிண்டு ஆட்டிச்சு. மனிசன் எறங்கி வந்து தேம்பித் தேம்பி அழுதார்."

தம்பையா 'ஏழாம் நம்பர் மலை, யானைப் பாறை' என்று எழுதினார். எத்தனை பேர் என்று கேட்ட கட்டத்தில், கொஞ்சம் கூசிக்கொண்டே, 'பலர்' என்று போட்டார்.

அவருக்கு ஏன் ஆளில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் பறித்து வருகிற கொழுந்தை நிறுப்பது அவர் வேலை. நிறுத்ததும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து ராத்தல் கழிப்பார். இரண்டு ராத்தல் சாக்குக்கு, ஒன்று ஈரத்துக்கு. மீதி இரண்டு எதற்கென்று அவருக்கே தெரியாது. முன்பிருந்த கணக்கப்பிள்ளை கழித்தார், இவரும் கழித்தார். அதிலே ஓர் இலையைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகிற மனுஷன் இல்லை. ஆனாலும் கழிக்கிற கை அவருடையதுதானே! எதிரே இவர் வந்தால் பெண்கள் தேயிலைச் செடியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவார்கள். வீட்டில் ஒரு சுண்டு அரிசி, ஒரு கோப்பை, ஒரு ரேடியோ. ரேடியோவில் அறிவிப்பாளர் வணக்கம் சொன்னால் இவரும் எழுந்து வணக்கம் சொல்வார். சில நாட்களில் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் அடுத்த வீட்டு ஜெயராசாவைப் பிடித்தார். அவர் தொழிற்சாலையில் டீமேக்கர்.

"ஞாயித்துக்கெழமையா? நான் ஹாலிஎலைக்கு மாமியார் வீட்டுக்குப் போறேனே. அங்கருந்து ஆட்டட்டுமா?"

"அந்தப் பக்கம் அது பறக்காதுங்க."

"அப்ப நான் என்ன செய்ய? அதோட, அந்தப் பாறைல ஏறி நின்னு கையாட்டுனா, என்னைய என்னான்னு நெனப்பாங்க?"

திங்கட்கிழமை மாலை பூவம்மாவின் சாக்கைத் தராசில் மாட்டியபோதுதான் தம்பையாவுக்கு அந்த யோசனை வந்தது. முள் முப்பத்திரண்டில் நின்றது.

"முப்பத்திரண்டு" என்று எழுதினார்.

பூவம்மா தராசைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னங்கய்யா, கழிக்க மறந்துட்டீங்களா? ஒடம்புக்கு முடியலையா?"

"மெதுவாப் பேசு. எனக்கு ஒரு சின்ன ஒதவி வேணும். ஞாயித்துக்கெழமை பதினொரு மணிக்கு நான் ஹெலிகொப்டர்ல போறேன். நீ யானைப் பாறையில நின்னு ஒரு துணிய ஆட்டணும். இந்த வாரம் பூரா ஒனக்குக் கழிக்கமாட்டேன்."

"அம்புட்டுதானா? செவப்புச் சேல ஒண்ணு இருக்கு. ஆட்டிப்புடுறேன்."

யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல மறந்துபோனார். சொல்லியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. செவ்வாய்க்கிழமை வரிசையில் முதலில் நின்ற ராமலட்சுமி வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"ஐயா, எங்கிட்ட மஞ்சச் சேல இருக்குங்க. செவப்ப விட மஞ்சதான் தூரத்துக்குத் தெரியுமாம்."

அவளுக்குப் பின்னாலிருந்தவள், "எனக்குச் சேல கெடையாதுங்க. ரெண்டு கையாலயும் ஆட்டுவேன்" என்றாள். முழங்கால் வலிக்காரி ஒருத்தி நொண்டிக்கொண்டே வந்து, "பாறைல ஏற ஏலாதுங்கய்யா. கீழ நின்னு ஆட்டுறேன், பாதியாவது கழிக்காம விடுங்க" என்றாள். அவளுக்கும் முழுசாகவே விட்டார். பொழுது சாய்வதற்குள் மலையிலிருந்த எண்பத்துநாலு பேரும் கையாட்டச் சம்மதித்துவிட்டார்கள். ஒருத்திக்கும் ஒரு ராத்தல் கழியவில்லை.

அன்றைக்குச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போகும்போது, "போய்ட்டு வாறோம்ங்கய்யா" என்றார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவை. தம்பையா வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று, பதிலுக்கு எப்படிக் கையாட்டுவது என்று பழகிப் பார்த்தார். ரொம்ப ஆட்டினால் சின்னப்பிள்ளைத்தனம், கொஞ்சமாக ஆட்டினால் கர்வம். நடுத்தரமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஜெயராசா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பையா, நீங்க நிறுத்து அனுப்புற கொழுந்த ஃபெக்டரில திருப்பி நிறுத்தா, எப்பவும் நானூறு ராத்தல் மேல வரும். ரெண்டு நாளா சரியா வருது. அந்த நானூறு எங்க போச்சு?"

"சரியா வந்தா நல்லதுதானே?"

"இருபது வருஷமா வராதது இப்ப வந்தா அது களவுங்க. நான் தொரைக்குச் சொல்லிட்டேன்."

தோட்டத்தை நடத்துகிற துரை தம்பையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"தம்பையா! கொழுந்து எங்க போகுது?"

"எங்கயும் போகலைங்க தொரை. எல்லாம் சரியா இருக்குங்க."

"அதுதான் நான் கேக்குறது! ஏன் சரியா இருக்கு?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? கையாட்ட ஆள் பிடித்தேன் என்று சொல்ல முடியுமா? தம்பையா வாயில் வந்ததைச் சொன்னார். "தராசுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேங்க."

அந்த ஒரு வார்த்தையால் கெட்டார்.

"தராசா? அப்ப ஞாயித்துக்கெழமை காலைல நானே படிக்கல் கொண்டு வந்து பாப்பேன். நான் வர்ற வரைக்கும் நீ கொழுந்து மடுவத்த விட்டு ஒரு அடி அசையக்கூடாது. நாளையில இருந்து பழையபடி கழி."

"தொரை, ஞாயித்துக்கெழமை வந்துங்க..."

"என்ன, குடும்பத்தோட எங்கயாவது போறியா?"

"இல்லைங்க."

"பின்ன என்ன? ஒத்த ஆளுதானே நீ."

வெள்ளிக்கிழமை பூவம்மாவின் சாக்கு முப்பத்தைந்து காட்டியது. "முப்பது" என்றார் தம்பையா, முள்ளைப் பார்த்தபடி. பூவம்மா சாக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தவளும் நகர்ந்தாள். எண்பத்துநாலு பேரும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். போய்ட்டு வாறோம் என்று எவரும் சொல்லவில்லை. ஹெலிகொப்டரில் தான் போகப்போவதில்லை என்பதை அவர்களிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. சொன்னால்தான் என்ன? இனி யார் அந்தப் பாறைக்கு வரப்போகிறார்கள்!

லொறி டிரைவரிடம் ஹுமைத் முதலாளிக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். 'வேலை காரணமாக என்னால் வர இயலாது. ஆனாலும் யானைப் பாறைக்கு மேல் தாழ்வாகப் பறக்கச் சொல்லவும். யாராவது நின்றாலும் நிற்பார்கள்.' மறுநாள் பதில் வந்தது. 'இடம் வீணாகப் போகக்கூடாது. எங்கட வீட்டுக்காரி உம்மு குல்தூம் போறா. பாறையப் பத்திச் சொல்லிட்டேன்.'

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே தம்பையா மடுவத்தில் இருந்தார். கொழுந்து நிறுக்கிற மடுவம் என்பது நாலு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். சுவர் கிடையாது. போதாக்குறைக்கு, அது இருப்பது யானைப் பாறைக்குக் கொஞ்சம் கீழே, அங்கிருந்து பார்த்தால் உள்ளே எல்லாம் தெரிகிற இடத்தில். மனுஷனுக்கு எங்கேயெல்லாம் சோதனை வருகிறது, பாருங்கள்! ஒன்பது மணியாயிற்று, பத்தும் ஆயிற்று. துரையைக் காணோம். பத்தரைக்கு, மேலே பாறையில் பேச்சுக்குரல் கேட்டது. வளையல் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டன.

வந்துவிட்டார்களா? வெள்ளிக்கிழமை அப்படிக் கழித்த பிறகுமா?

தம்பையாவுக்குத் திக்கென்றது. ஆகாயத்தில் பறக்கவேண்டியவர் மடுவத்தில் குந்தியிருப்பதைப் பார்த்தால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். தோட்டமே சிரிக்கும். சட்டென்று தன் கறுப்புக் குடையை எடுத்தார். மேலே ஒரு நீலத்துணி ஒட்டுப் போட்ட பழைய குடை. தகரக் கூரைக்குக் கீழே, பளிச்சென்று வெயிலடிக்கிற நாளில், அதை விரித்துத் தோளில் சாய்த்துப் பாறைக்கு முதுகு காட்டிச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு மணிக்கு அது வந்தது. முதலில் அம்மி அரைப்பதுபோல் தூரத்தில் ஒரு சத்தம், பிறகு மலையெல்லாம் அதிர்வு. சொன்னபடியே தாழ்வாக வந்தது. குடை ஓரத்தால் எட்டிப் பார்த்தார். ஜன்னலில் ஒரு பச்சை நிறச் சட்டைக் கை தெரிந்தது. உம்மு குல்தூம் கை கழன்று விழுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் பாறையே வெடித்ததுபோல் இருந்தது.

"கணக்கப்பிள்ளையா! ஐயோவ்! இங்கிட்டு!"

"இந்தப் பக்கம் திரும்புங்கய்யா! இந்தப் பக்கம்!"

ஹெலிகொப்டரும் சொல்லி வைத்ததுபோல் அந்தப் பக்கம் திரும்பியது. காற்று குடையைப் பிடுங்கப் பார்த்தது. தம்பையா இரண்டு கையாலும் காம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை குரல்கள் தன்னைக் கூப்பிடுகின்றன, ஒரு தடவை திரும்பிப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்தார். அழுகை வந்துவிட்டது. பழகி வைத்திருந்த அந்த நடுத்தரக் கையாட்டலைக் குடைக்குள்ளேயே, ஒரு விரலால் மட்டும், ஆட்டிப் பார்த்துக்கொண்டார். எல்லாரும் கலைந்து போன சத்தம் கேட்டு வெகுநேரம் கழித்துத்தான் குடையை மடக்கினார்.

துரை வரவே இல்லை. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிறபோது கேட்டதற்கு, "ஓ, அதுவா! ஹெலிகொப்டர் வந்துச்சுதானே, பங்களா முத்தத்துல நின்னு கையாட்டினேன். மறந்துட்டேன். தராசு சரிதானே?" என்றார்.

"சரிதாங்க தொரை" என்றார் தம்பையா.

அன்று மாலை பூவம்மாதான் முதலில் வந்தாள். சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "என்னங்கய்யா, மேல போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

தம்பையா இந்தக் கேள்விக்கு முழு இரவும் தயாராகியிருந்தார்.

"போனேன், போனேன்! அடேயப்பா, என்னா ஒயரம்! லயத்து வீடெல்லாம் நெருப்புப்பெட்டி மாதிரி கெடக்கு. துன்ஹிந்த அருவி வெள்ள நூலாட்டம் தெரியுது."

"எங்களப் பாத்தீங்களா?"

"பாக்காம? ஒன் செவப்புச் சேலதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு. அப்புறம் ராமலட்சுமியோட மஞ்ச. நான் ரெண்டு கையயும் ஆட்டுனேனே, பாக்கலையா நீங்க? 'திரும்புங்கய்யா'ன்னு கத்துனீங்க பாரு, அது அங்க வரைக்கும் கேட்டுச்சு. நான்தான் பைலட்டுக்கிட்டச் சொல்லித் திருப்பச் சொன்னேன்."

ராமலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூவம்மா தரையைப் பார்த்தாள். தம்பையா சொன்னதில் ஒரு வார்த்தையும் உண்மையில்லை. ஆனால் அவர்கள் வந்து நின்றது உண்மை, கத்தியது உண்மை. அது போதும். முள்ளைப் பார்த்தார். முப்பத்துநாலு. துரையாவது, டீமேக்கராவது!

"சாக்குக்கு ரெண்டு. முப்பத்திரண்டு" என்று உரக்கச் சொல்லி எழுதினார். "இனிமே எல்லாருக்கும் சாக்கு மட்டுந்தான்."

கடைசியில், முழங்கால் வலிக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. வரிசையை விலக்கி நொண்டி நொண்டி முன்னால் வந்தாள்.

"அந்த ஹெலிகொப்டர் சனியனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, அத்தன பேரும் இந்த மடுவத்தப் பாத்து கை நோவ நோவ ஆட்டுனோமே, ஒருக்காவாவது அந்த ஒட்டுக் குடைய எறக்கிப் பாத்தீங்களாய்யா?"